டுஃபியே சித்திக்கு அடுத்து யார்?

குமாசி,
புதன் காலை.

அன்புத் தங்கை போக்குவாவுக்கு அண்ணன் அம்போன்சா எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சேமம். சுன்யானியில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இதைப் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் இதையும் நீ அடுத்தவருக்குச் சொல்லிவிடுவாய்.

சனிக்கிழமை என் மகள் அக்குவாவைப் பெண் கேட்டுக் கதவு தட்ட வருகிறார்கள். நம் பக்கம் கூடம் நிறைய ஆள் இருக்க வேண்டாமா? குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டால் சேதிக்கு முன் சண்டை போய்ச் சேரும். அதனால் என் பழைய புரோகிராமர் புத்தியைக் காட்டினேன். ஒருவழித் தொடர்ப்பட்டியல் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு பெட்டியும் தனக்கு அடுத்த பெட்டியின் முகவரியை மட்டும் வைத்திருக்கும், முன்னால் இருந்தது யாரென்று அதற்குத் தெரியாது. அப்படியே நான் போவாட்டெங் மாமாவுக்கு, மாமா அடுத்த வீட்டுக்கு, இப்படியே போய்க் கடைசியாக நீ டுஃபியே சித்திக்கு. வந்த சேதியை அடுத்தவருக்குச் சொல், கேள்வி கேட்காதே, அவ்வளவுதான் விதி.

கடைசிப் பெட்டியில் மட்டும் 'இதற்குப் பிறகு ஒன்றுமில்லை' என்று குறிக்க வேண்டும். அந்தக் காலத்தில் கணினி அறை குளிருக்காகக் குமாசி வெயிலில் கம்பளிச் சட்டையோடு வேலைக்குப் போவோமே, அப்போது ஒருநாள் என்னோடு வேலை பார்த்த செரெபோர் அதைக் குறிக்க மறந்துவிட்டான். பட்டியல் முதல் பெட்டிக்கே திரும்பி, அச்சுப்பொறி அதே பெயர்களைத் திரும்பத் திரும்ப அடித்து அறையெல்லாம் காகிதம். அவனோ அந்தக் குவியல் மேல் உட்கார்ந்து சோள மாவுக் கெங்கியும் பொரித்த மீனும் தின்றுகொண்டு, "விடுப்பா, களைச்சுப் போனா அதுவே நிக்கும்" என்றான். அப்படி வயிறு வலிக்கச் சிரித்த நாட்கள் இனி எனக்கு வராது போக்குவா, நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளையில்லாத சித்தியிடம் "உங்களுக்கு அப்புறம் யாருமில்ல" என்று எந்த வாயால் சொல்வது? நம் குடும்பத்தில் அது சாபமல்லவா! ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன். சித்தி சும்மா இருப்பாளா? மாமாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். மாமா விதி தவறாதவர், மறுபடி அடுத்த வீட்டுக்கு. சேதி சுற்றிக்கொண்டே இருக்கிறது, சுற்றச் சுற்ற வளரவும் செய்கிறது. நேற்று மாமா என்னையே கூப்பிட்டார்.

"ஏண்டா மருமவனே, கல்யாணம் முடிஞ்சு ரெட்டைப் புள்ளையும் பொறந்துருச்சாமே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"மாமா, பொண்ணு கேக்கவே சனிக்கிழமைதான் வர்றாங்க!"

"அப்ப புள்ளைங்கள யாரு பாத்துக்குறா?"

இது பையன் வீட்டார் காதில் விழுந்தால் சம்பந்தமே முறிந்துபோகும். அக்குவா அழுது அழுது முகம் வீங்கிக் கிடக்கிறாள். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இனி சித்திக்குப் போன் செய்யாதே. எது வந்தாலும் உன்னோடு நிற்கட்டும். சனிக்கிழமை சித்தியை நானே காரில் அழைத்து வருகிறேன்.

உன் வீட்டு அடுப்பில் என்றும் உலை கொதிக்கட்டும், மாப்பிள்ளையின் இருமல் ஒழியட்டும்.

அன்புள்ள அண்ணன்,
அம்போன்சா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சித்தி கூப்பிட்டாள். "அம்போன்சா, போக்குவாவுக்கு ஒடம்பு சரியில்லையாப்பா? நம்ம குடும்பத்துல எனக்கு யாரு தினம் போன் பண்ணியிருக்கா? இந்த வாரந்தான் பண்றீங்க. வெள்ளனே குளிச்சுட்டு, போனை மடியில வச்சுட்டு ஒக்காந்திருக்கேன், இன்னும் அடிக்கலையே" என்றாள். தங்கச்சி, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. மாமாவின் போனைச் சனிக்கிழமை வரை நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன், சித்தி அதில் கூப்பிட்டால் நான் பேசிக்கொள்கிறேன். இதைப் படித்த கையோடு நீ சித்தியைக் கூப்பிடு. சேதி ஒன்றும் இல்லையென்றால் ரெட்டைப் பிள்ளைகள் சுகம் என்று சொல்.