முயல் வீட்டுத் தோட்டக்காரர்

நர்சரிக்குள் நுழைந்து, ஒரு மணி நேரம் வெயிலில் சுற்றி, இருக்கிற செடியையெல்லாம் போனில் படம் பிடித்து, நாலு இலையைக் கசக்கி மோந்து பார்த்து, கடைசியில் "அப்புறம் வர்றேம்மா" என்று வெறுங்கையோடு வெளியேறும் ஒரு மனிதரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கஞ்சன் என்று நினைத்திருப்பீர்கள். பாவம், இல்லை. அவர் முயல் வீட்டுத் தோட்டக்காரர். மற்றவர்கள் ஒரு செடியைப் பார்த்தால் "பூக்குமா, காய்க்குமா?" என்று கேட்பார்கள். இவர் "தின்னா செத்துருமா?" என்று கேட்பார். அதுவும் பக்கத்தில் குழந்தையோடு நிற்கிறவர்கள் திடுக்கிட்டு நகர்ந்து போகிற அளவுக்குச் சத்தமாகக் கேட்பார்.

இந்த இனத்தில் ஒருவரைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் ஆவடியில் இறங்கி கோவில்பதாகைக்கு ஷேர் ஆட்டோ ஏறுங்கள். அங்கே தமிழரசு இருக்கிறார். திருமழிசையில் ஓர் உதிரி பாகக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. வெளியிலிருந்து வருகிற சரக்கில் தப்பு இருந்தால் வாசலிலேயே பிடித்து நிறுத்துவதுதான் அவருக்கு வேலை. பதினெட்டு வருஷமாக அதைச் செய்துவருவதால், தப்பு என்பது எப்போதும் வெளியிலிருந்துதான் வரும் என்று நம்பிவிட்டார்.

முயல்கள் அவருடையவை அல்ல. மகள் தீபிகாவுடையவை. ஒன்று வெள்ளை, பெயர் ரவா. இன்னொன்று கறுப்பு, பெயர் மிளகு. கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்து ஹாஸ்டலுக்குக் கிளம்பிய அன்று, பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு, அந்தப் பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அப்பா, பொங்கலுக்கு நான் வரும்போது ரெண்டும் இருக்கணும். உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்." அம்மாவை நம்பி என்று சொல்லவில்லை பாருங்கள். அந்த ஒரு வார்த்தையில் மனுஷன் உச்சி குளிர்ந்துபோனார். பிடித்தது சனி.

அன்றிலிருந்து ஆராய்ச்சி. முயலுக்கு ஆகாத செடிகள் என்று இணையத்தில் எத்தனை பட்டியல் உண்டோ அத்தனையும் இறக்கினார். முயல் வளர்ப்போர் வாட்ஸப் குழு ஒன்றில் சேர்ந்து, பத்தே நாளில் அதற்கு அட்மினும் ஆகி, எல்லாப் பட்டியலையும் சேர்த்து ஒரே எக்ஸெல் ஷீட்டாக்கி, ஆபத்துக்குச் சிவப்பு, சந்தேகத்துக்கு மஞ்சள், ஆகும் என்பதற்குப் பச்சை என்று வண்ணம் அடித்தார். முதல் பிரச்சினை அங்கேதான். பச்சையில் இருந்தவை முக்கால்வாசி குளிர்தேசத்துப் பூண்டுகள். கோவில்பதாகை வெயிலில் வாசல்வரைகூட வந்து சேராது. சிவப்பில் இருந்தவை? வீட்டு வாசலில் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தன.

நித்தியகல்யாணி போயிற்று. மணி பிளான்ட் போயிற்று. நந்தியாவட்டை வேரோடு போயிற்று. அவருடைய மனைவி வனஜா நாலு வருஷமாகப் பிள்ளை மாதிரி வளர்த்த அடினியம் ஆறு தொட்டி. உள்ளங்கை அகலப் பூ, அடி பெருத்துப் பானை மாதிரி உட்கார்ந்திருக்கும். அதுவும் சிவப்புப் பட்டியல்.

"தொட்டி இடுப்பு உசரத்துல இருக்குங்க. முயலு ஏணி வச்சா ஏறப்போகுது?"

"இலை உதிருமில்ல? உதிர்ந்தா கீழதானே விழும்?"

"அப்ப நான் போய்க் கீழ உட்கார்ந்து ஒவ்வொரு இலையா ஏந்திக்கட்டுமா?"

பதில் சொல்ல முடியாத இடத்தில் ஆராய்ச்சியாளர்கள் பட்டியலைக் காட்டுவார்கள். தமிழரசு காட்டினார். ஆறு தொட்டியும் பக்கத்து வீட்டு எத்திராஜ் வீட்டுக்குப் போயின. எத்திராஜ் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். குடும்பத்துக்கு நிலம் இருந்தது, இப்போது தண்ணீர் கேன் ஏஜென்சி இருக்கிறது. ஒரு செடிகூட வாங்காமல் அவருடைய வாசல் மூன்றே மாதத்தில் நந்தவனம் ஆகிவிட்டது. வனஜா தினமும் மதில் ஓரமாகப் போய் நின்று தன் பூவைப் பார்த்துவிட்டு வருவாள். கணவனிடம் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய ஏச்சு என்று கல்யாணமானவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, பிடுங்கியாயிற்று, வைக்க வேண்டாமா? திருமழிசை மெயின் ரோட்டு ஓரம் நர்சரி வைத்திருக்கும் ஞானம்மாளிடம் போனார்.

"இன்னா சார் வோணும்? ரோஜாவா, கொய்யாவா?"

"முயல் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாத செடியா வேணும்மா."

"மொசலுக்கா? அதுக்கு இன்னாத்துக்கு சார் நர்சரிக்கு வந்துகினு? மார்க்கெட்ல ரெண்டு கட்டு கீரை வாங்கிப் போடு."

"இல்லம்மா, தோட்டத்துக்கு. இது என்ன செடி?"

"அழகுச் செடி சார்."

"பேரு?"

"அதான் சார் பேரு. அழகுச் செடி."

"அது விஷமா இல்லையா?"

ஞானம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எத்தினியோ பேரு எட்துகினு போயிக்கிறாங்க. யாரும் தின்னுட்டு வந்து சொல்லல சார்."

கடைசியில் செம்பருத்தி வாங்கினார். பச்சைப் பட்டியல், பூவும் ஆகும், இலையும் ஆகும், மூன்று நிறத்தில் மூன்று கன்று. ஞாயிறு காலை நட்டார். ஞாயிறு சாயங்காலம் மூன்று குச்சிகள் நின்றன. அடுத்த வாரம் பொன்னாங்கண்ணி. பாத்தி கட்டி நட்டது, பாத்தி மட்டும் மிச்சம். அதற்கடுத்து அருகம்புல்; மழை வந்தாலும் வெயில் வந்தாலும் சாகாத புல், ரவாவுக்கும் மிளகுக்கும் முன்னால் நாலு நாள்கூடத் தாங்கவில்லை. அப்போதுதான் நம் ஆளுக்கு அந்த உண்மை மண்டையில் உறைத்தது. முயலுக்கு ஆகாத செடியை வைக்கக் கூடாது. முயலுக்கு ஆகிற செடியை வைத்தால் இருக்காது. அப்படியானால் முயல் வீட்டில் என்னதான் தோட்டம் போடுவது? ஒன்றுமில்லை. இந்த ஒன்றுமில்லைக்காகத்தான் ஷீட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு வரி எழுதியிருந்தார். தன் மேலேயே அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மொட்டைத் தரையைப் பார்க்கும்போது உள்ளுக்குள் ஒரு பெருமை. பாதுகாப்பு நூற்றுக்கு நூறு. "நம்ம தோட்டத்துல ஆபத்துன்னு ஒரு இலைகூடக் கிடையாது" என்று குழுவில் போட்டோ போட்டார். நாற்பத்தொரு பேர் கைதட்டினார்கள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை காலை. முயல்களைக் கூண்டிலிருந்து திறந்துவிட்டுவிட்டு, தமிழரசு மதிலில் கையூன்றி எத்திராஜுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எத்திராஜ் தன் வீட்டு வாசலில் புதிதாக ஒரு செவ்வரளி வைக்கக் குழி வெட்டியிருந்தார்.

"எத்திராஜ், அரளி இருக்கு பாருங்க, நம்ம லிஸ்ட்ல மொத எடமே அதுதான். இதயத்தை நிறுத்திடும். முயலுக்கு வாந்தியும் எடுக்க வராது. காத்துல ஒரு இலை இந்தப் பக்கம் வந்துச்சுன்னா போச்சு."

"நம்மூட்டு செடிக்கு நீ இன்னா சார் டென்சன் ஆவுற? நம்மகிட்ட மொசலே இல்லியே."

"அதுக்கில்ல, ஒரு முன்ஜாக்கிரதை..."

எத்திராஜ் அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார், அது கெடக்குது. உன் கருப்பு மொசலு வாயில இன்னாது, செவப்பா?"

தமிழரசு திரும்பினார். மிளகின் வாயில் அரளிப்பூ.

எங்கிருந்து வந்தது? சொல்கிறேன். வெள்ளிக்கிழமை தோறும் வனஜா அம்மன் படத்துக்குச் செவ்வரளி மாலை வாங்கிச் சாத்துவாள், நடுநடுவே வேப்பிலை வைத்துக் கட்டியது. சனிக்கிழமை காலை அதைக் கழற்றுவது தமிழரசின் பொறுப்பு. சாமிக்குப் போட்ட மாலையைக் குப்பையில் போடக் கூடாது, கால் படக் கூடாது; செடியின் தூரில் போட வேண்டும். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? வருஷக்கணக்காக அவர் அதை அடினியம் தொட்டியில்தான் போட்டுவந்தார், இடுப்பு உயரத்தில். தொட்டிகளைத்தான் எத்திராஜுக்குக் கொடுத்தாயிற்றே! கொஞ்ச நாள் பூஜை அறை மூலையில் ஒரு பையில் சேர்த்துவைத்தார். அன்றைக்குப் பை நிரம்பிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார், தோட்டத்தில் தூர் என்று மிச்சமிருந்தது மூன்றில் ஒரு செம்பருத்திக் குச்சி மட்டும். அதனடியில் அன்றைய மாலையைப் பக்தியோடு வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, அந்தக் கையோடு கூண்டைத் திறந்துவிட்டு, அரளியின் ஆபத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டார். பூ என்பது சாமி படத்தில் ஏறிவிட்டால் அது அரளி இல்லை, மாலை. பட்டியலில் மாலை என்று ஒரு வரி இல்லை.

மனுஷனுக்கு "ஐயோ, தீபிகா" என்றுதான் வாயில் வந்தது, முயலின் பெயர் வரவில்லை. எத்திராஜ் மதிலைத் தாண்டிக் குதித்து இரண்டையும் பிடித்துக் கூடையில் போட்டு, கேன் ஏற்றும் வண்டியிலேயே அவர்களை ஏற்றினார். அந்தப் பதற்றத்திலும் மிச்ச மாலையை ஒரு கவரில் அள்ளிக்கொண்டு வந்தவள் வனஜா.

கால்நடை டாக்டர் கிருஷ்ணப்பிரியா ஸ்டெதஸ்கோப்பை மிளகின் நெஞ்சில் வைத்துக்கொண்டே கேட்டார். "வீட்ல அரளிச் செடி இருக்கா?"

"ஒரு செடிகூடக் கிடையாது மேடம்! நான் லிஸ்ட் போட்டு, எல்லாத்தையும்..."

"அப்ப இது எப்படி வந்தது?"

தமிழரசு வனஜாவின் கையிலிருந்த கவரைப் பார்த்தார். "நான்தான் போட்டேன்" என்றார்.

டாக்டர் இரண்டுக்கும் விஷத்தை உறிஞ்சும் கரித்தூள் கரைசல் புகட்டினார், ஊசி போட்டார். "எவ்வளவு சாப்பிட்டிருக்குன்னு தெரிஞ்சா நல்லது. சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும். புழுக்கை போட்டு, தானா சாப்பிட ஆரம்பிச்சா பயமில்லை" என்றார்.

தமிழரசு பெஞ்சில் உட்கார்ந்து மடியில் மாலையை விரித்துவைத்து, முடிச்சு முடிச்சாகத் தடவிப் பூவை எண்ணினார். பதினெட்டு வருஷ அனுபவம் ஒரு பயலுக்கும் வேண்டாத வேலையில் கைகொடுத்தது. வேப்பிலை ஒன்றுகூட இல்லை, அத்தனையும் தின்றாகிவிட்டது. பூவில் இரண்டு குறைந்தது. ஒன்று, அரைகுறையாகக் கடித்துத் துப்பியது, மிளகின் தாடை முடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று கிடைக்கவில்லை. மறுபடி எண்ணினார். கிடைக்கவில்லை. பதினொரு மணிக்கு தீபிகா வீடியோ காலில் வந்தாள், சனிக்கிழமை வழக்கம். எடுக்க அவருக்குத் தைரியம் இல்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வனஜா அவர் முதுகில் கையை வைத்தாள். அவ்வளவுதான், ஐம்பது வயதை நெருங்கும் மனிதர், நாய் பூனைகளோடு காத்திருந்த பத்துப் பேருக்கு முன்னால் தேம்பித் தேம்பி அழுதார்.

நாலு மணிக்கு உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். ரவா கொத்தமல்லி மென்றுகொண்டிருந்தது. மிளகு மூலையில் திரும்பி உட்கார்ந்திருந்தது. அதன் பின்னால், உருண்டையாக, பளபளவென்று, ஏழு புழுக்கை.

"வனஜா! வனஜா, இங்க வந்து பாரேன்!" என்று அவர் கத்திய கத்தலுக்கு, வாசலில் இருந்தவர்கள் யாருக்கோ குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். அதைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பி, கூடவே நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அந்தப் பெண், "மொதல்ல அம்மாவோட தொட்டியையெல்லாம் திருப்பி வாங்கி வைப்பா" என்றாள்.

குழுவிலும் எழுதினார். நடந்ததை அப்படியே, தன் பெயரைப் போட்டு எழுதினார். நாற்பத்தொரு பேரும் படித்தார்கள். ஒருவரும் கைதட்டவில்லை. பத்து நிமிஷம் கழித்து ஒருவர், "சார், நாங்களும் சாமி மாலையைச் செடித் தூர்லதான் போடறோம்" என்றார். பிறகு இன்னொருவர். பிறகு வரிசையாக.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் முயல் இல்லை, அதனால் தப்பித்தீர்கள் என்று நினைப்பு. சரி, சர்க்கரை வியாதிக்கார அப்பா இருக்கிறாரா? அவருக்காக டப்பாவில் இருந்த வெல்லத்தை ஒளித்தீர்கள், பிஸ்கட்டைப் பூட்டினீர்கள், ஸ்வீட் பெட்டியோடு வந்த மாமாவை வாசலிலேயே மடக்கி ஒரு பிரசங்கம் செய்தீர்கள். ரொம்பச் சரி. போன வெள்ளிக்கிழமை கோவிலிலிருந்து தொன்னை வழிய நெய் சொட்டும் சர்க்கரைப் பொங்கலைக் கொண்டுவந்து, "பிரசாதம்தானேப்பா, ஒண்ணும் பண்ணாது, ஒரு வாய் வாங்கிக்கோ" என்று அவர் வாயருகே நீட்டியது யார் கை? என்னை முறைக்காதீர்கள். எங்கள் வீட்டில் நீட்டியது என் கை.