வரவேற்பறை மான்

பதினோரு வருஷமாகக் கண்ணாடிக்கடைக்காரர் காடு காடாகப் போய் எடுத்த மிருகப் படங்களில் எல்லாம் இருந்தது. மிருகம் மட்டும் இல்லை. யானை நின்ற இடம் இருந்தது. கரடி முதுகு சொறிந்த மரம் இருந்தது. எதுவோ போட்டுவிட்டுப் போன சாணம் ஒரு படத்தில் இருந்தது, அதுவும் ஆடிப்போய். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துக் கண்ணாடி மாட்டி விடுகிற மனிதருக்கு, முழங்கை நீள லென்ஸ் இருந்தும் ஒரு முயல்கூட அகப்படவில்லை.

இதற்கெல்லாம் காரணம் மனைவிதான் என்று அவர் நம்பினார். நம்பியதோடு நிற்காமல் சொல்லியும் வந்தார்.

“உன் வளையல் சத்தத்துக்குத்தான் அது ஓடிப்போச்சு.”

“போன வருஷம் என் தும்மல்னு சொன்னீங்க.”

“தும்மலும்தான். மிருகத்தப் பாத்தா கத்தக் கூடாது. அசையக் கூடாது. மூச்சக்கூட மெதுவா விடணும். எத்தன தடவ சொல்றது?”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றாள் அவள், விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் காப்பியடிக்கிற பையனை அவள் பாதியில் பிடித்ததே இல்லை. கடைசிப் பக்கம் வரை நிம்மதியாக எழுதவிடுவாள். அப்புறம் போய்ப் பக்கத்தில் நிற்பாள். இந்த விஷயம் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். புருஷனுக்கு மட்டும் மறந்துபோயிருந்தது.

இந்த வருஷம் பெட்டி கட்டுவதற்கு முன்பே அவள் ஒரு ஒப்பந்தம் போட்டுவிட்டாள்.

“இந்தத் தடவ மூஞ்சி தெரியிற மாதிரி ஒரு மிருகம் வேணும். ஒண்ணே ஒண்ணு போதும். கெடச்சா ஆயுசுக்கும் லீவுக்குக் காட்டுக்கே போலாம். கெடைக்கலன்னா இனிமே வருஷா வருஷம் எங்க அண்ணன் வீடு.”

மச்சான் ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். தன் பித்தப்பையிலிருந்து எடுத்த ஏழு கல்லையும் ஒரு பாட்டிலில் போட்டுச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்திருப்பவர். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. வருஷத்துக்குப் பத்து நாள், ஏழு கல், மூன்று வேளைச் சாப்பாடு.

காட்டு விடுதியில் ஐந்து நாள் தங்கல். நாலு நாள் ஜீப்பில் குலுங்கியதில் கிடைத்தது ஓர் அணிலின் முதுகு. நாலாம் நாள் சாயங்காலம், நடைப்பிணமாக வரவேற்பறைக்குள் நுழைந்தவர் சாவிப் பலகைக்குப் பக்கத்தில் நின்ற மானைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து அது அங்கேதான் நின்றது. எந்தக் காலத்திலோ பாடம் பண்ணி, பலகையில் ஆணி அடித்து நிறுத்திய மான். இடது காதைப் பூச்சி அரித்திருந்தது. ஆனால் கண்ணாடிக் கண்கள் இரண்டும் அசல் கண்ணைத் தோற்கடித்தன. கண் விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லத் தூக்கினார். உள்ளே வெறும் வைக்கோல். பார்க்கத்தான் மான், தூக்கினால் தலையணை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மனைவி போர்வைக்குள் இருந்தாள். வரவேற்பாளர் நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கினார். கண்ணாடிக்கடைக்காரர் மானைத் தோளில் போட்டுக்கொண்டு விடுதிக்குப் பின்னாலிருந்த புதருக்குப் போனார். பலகையைச் சருகால் மூடினார். நல்ல காது கேமராவுக்குத் தெரியும்படி திருப்பி வைத்தார். குப்புறப் படுத்தார். நாற்பது படம் எடுத்தார். பதினோரு வருஷத்தில் அவருக்காக நின்ற முதல் மிருகம் அதுதான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு மணிக்கு மான் பழையபடி சாவிப் பலகைக்குப் பக்கத்தில் நின்றது.

காப்பி குடிக்கும்போது மனைவியிடம் கேமராவை நீட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“பயமே இல்லாம நிக்குதே.”

“நான் படுத்திருந்தது அதுக்குத் தெரிஞ்சாத்தானே?”

“அண்ணனுக்கு உடனே காட்டணும்” என்று அவருடைய போனிலேயே அண்ணனை வீடியோவில் கூப்பிட்டாள். மச்சான் முகம் வந்தது. முகத்துக்குப் பின்னால் பாட்டிலும் வந்தது. அதைப் பார்த்ததும் இவருக்கு வீரம் வந்துவிட்டது.

“நாலு மணிக்கே எந்திரிச்சேன் மச்சான். கொட்டுற பனி. சேத்துல ரெண்டு மணி நேரம் குப்புறக் கெடந்தேன்.”

“அடேயப்பா.”

“அட்டை கடிச்சுது. எடுத்துப் போடல. கைய அசச்சா மான் ஓடிடும்.”

“சுத்தி வேற ஒண்ணும் இல்லியாங்க?” என்றாள் மனைவி.

“காட்டுல எனக்குத் தெரியாம ஒரு எலி நகர முடியாது.”

“பின்னாடி?”

“எனக்கு முதுகுலயும் கண்ணு இருக்கு.”

அவ்வளவுதான். கடைசிப் பக்கம் எழுதி முடித்தாகிவிட்டது. அவள் தன் போனை எடுத்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

மேலே பால்கனியிலிருந்து எடுத்த படம். புதர் இருந்தது. மான் இருந்தது. சருகு விலகிய பலகை, ஆணியோடு தெரிந்தது. அதற்கு எதிரே கண்ணாடிக்கடைக்காரர் பின்பக்கத்தை வானத்துக்குக் காட்டியபடி குப்புறக் கிடந்தார். அந்தப் பின்பக்கத்துக்குப் பின்னால், பத்தே அடியில், முகம் முழுக்கத் தெரிய, மீசை முடியை எண்ணுகிற தெளிவில், ஒன்று நின்றது.

அவர் கையிலிருந்த காப்பி மடியில் கொட்டியது. சுட்டதுகூடத் தெரியவில்லை.

“சி... சி...”

“சிறுத்தை” என்று எடுத்துக் கொடுத்தாள்.

“எ... எப்போ?”

“ஆறே காலுக்கு. நீங்க மூச்சப் பிடிச்சு மானைக் குறி பாத்துட்டிருந்தீங்களே, அப்போ. நேத்து சாயங்காலம் அதத் தூக்கிப் பாத்தீங்க பாருங்க, அப்பவே நெனச்சேன், காலைல போர்வைக்குள்ள முழிச்சிருக்கணும்னு.”

“பாத்துட்டா இருந்த? ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?”

“கத்தக் கூடாது. அசையக் கூடாது. மூச்சக்கூட மெதுவா விடணும். பதினோரு வருஷமா நீங்க சொல்லிக்குடுத்ததுதானே? வளையலக்கூடக் கழட்டி வெச்சுட்டுத்தான் எடுத்தேன்.”

“அது என்மேல பாஞ்சிருந்தா?”

“ஒரு கைல பூந்தொட்டியத் தயாரா வெச்சிருந்தேன்.”

“யார் மேல போட?”

அவள் தன் காப்பியை ஒரு வாய் குடித்தாள். போனுக்குள் மச்சான் தொண்டையைக் கனைத்தார்.

“அது ஏம்மா மாப்பிள்ளைய விட்டுட்டுப் போச்சு?”

“மானைப் பாத்துச்சுண்ணே, அசையல. இவரப் பாத்துச்சு, இவரும் அசையல. ரெண்டும் பாடம் பண்ணி வெச்சதுன்னு நெனச்சு கொட்டாவி விட்டுட்டுப் போயிருச்சு.”

மச்சான் சிரித்த சிரிப்பில் பாட்டிலுக்குள் ஏழு கல்லும் குலுங்கின. கண்ணாடிக்கடைக்காரருக்கு மானம் போனது பெரிதாகத் தெரியவில்லை. இனி வருஷத்துக்குப் பத்து நாள் அந்தக் கற்களோடுதான் என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது.

“அப்போ... இனிமே அண்ணன் வீடுதானா?” என்றார் ஈனசுரத்தில்.

“எதுக்கு? மூஞ்சி தெரியிற மாதிரி மிருகம் கெடச்சாச்சே. சொன்னா சொன்னதுதான். ஆயுசுக்கும் காடுதான்.”

போன உயிரில் பாதி திரும்பி வந்தது. அதற்குள் அவள் அவர் கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

“அண்ணே, அடுத்த வருஷம் நீங்களும் எங்ககூட வந்துடுங்க.”

“பாட்டிலையும் எடுத்துட்டு வரேன்மா” என்றார் மச்சான்.

“கேமரா உன்கிட்ட இருந்தா, நான் அங்க வந்து என்ன பண்ண?” என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

“அந்த மானை நமக்கே குடுத்துடுறதா விடுதி மேனேஜர் சொல்லிட்டார். நீங்க அதத் தூக்கிட்டு வந்து, இன்னிக்கு மாதிரியே அதுக்கு முன்னாடி படுத்துக்குங்க, போதும்.”