நான் வாங்காத வீட்டுக்குக் குடிபூரல்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு வீடுதான் வாங்கியிருக்கிறேன். நான்கு அறைகள், பின்பக்கம் தோட்டம், தோட்டத்தின் மூலையில் மிளகாய் வளர்க்க ஒரு கண்ணாடிக் கூடு. எங்கள் டெனிஷ் ஊரான ஹொல்ஸ்டெப்ரோவில் அந்த வீட்டைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் அந்த நாட்களில் இருக்கவில்லை. அதில் ஒரேயொரு குறை, அப்படி ஒரு வீடு உலகத்தில் எங்கும் இல்லை.

நாங்கள் பதினேழு வருடமாக ஒரு வாடகைத் தொடர்மாடியில் இருக்கிறோம். எங்களுக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் வீடு வாங்கி, வாசலுக்குக் கல்லும் பதித்துவிட்டார்கள். எனக்கு அது உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது. (ஆராவது கேட்டால், "புல்லு வெட்டுற வேலை மிச்சம்" என்று சிரிப்பேன்.) இப்படி இருக்கையில் மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை வீட்டுக்காரர் யென்ஸிடமிருந்து கடிதம் வந்தது. தன் மகனுக்கு வீடு தேவைப்படுகிறது, ஒரு வருடத்துக்குள் நாங்கள் வெளியேற வேண்டும் என்று முதல் பந்தியிலேயே எழுதியிருந்தார். கடிதத்துக்கு இரண்டாம் பக்கமும் இருந்தது. நான் அதைத் திருப்பவில்லை. கடிதத்தை மடித்து, சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்தேன். பிள்ளையாருக்கு டெனிஷ் தெரியுமா என்று அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

என் மனைவி வசந்தி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். எதையும் ஒளிக்கத் தெரியாதவள். "ரஜனியை ஒருக்காக் கேட்டுப் பாப்பமே?" என்றாள். ரஜனி எங்கள் பகுதியிலேயே இருக்கிறாள், வியாழக்கிழமைகளில் வாடகைக்காரர் சங்கத்தில் ஆலோசனை சொல்பவள்.

"மூச்சு விடாதையும்" என்றேன். "வீட்டாலை எழுப்பிப் போட்டாங்களாம் எண்டு நாளைக்கு எல்லாரும் கதைப்பினம். ஒரு வருசம் கிடக்குத்தானே."

ஒரு வருடம் கிடந்தது. நித்திரைதான் வரவில்லை. வேலைத்தலத்தில் மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டு, பதினேழு வருடச் சாமானை எந்தப் பெட்டியில் எப்படி அடுக்குவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சுப்பர்மார்க்கெட்டில் வாழைப்பழப் பெட்டிகளைக் கேட்டு வாங்கிக் காரில் ஏற்றினேன். நல்ல நேரம் பார்த்து சிவமண்ணை எதிரில் வந்தார். சிவமண்ணை எங்கள் பக்கத்துச் செய்தி நிலையம், ஒலிபரப்பு இருபத்துநாலு மணிநேரமும் உண்டு.

"என்ன தம்பி, வீடு மாறுறியளோ?"

"ஓம் அண்ணை. மாறத்தான் போறம்."

"அப்ப வாங்கியாச்சு."

அந்த இடத்தில் நான் "இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொல்தான். நான் சிரித்தேன்.

அன்று பின்னேரத்துக்குள் நாட்டின் மறுபக்கம் ஹ்விடோவ்ரேயிலிருந்து என் மச்சான் தொலைபேசியில் வந்து, தோட்டத்துக்கு வெயில் எந்தப் பக்கம் விழும் என்று விசாரித்தான். தெற்கு என்று சொன்னேன். (பிறகு என்ன, வாங்காத வீட்டை வடக்குப் பார்த்தா கட்டுவது?) ஓல்போர்க்கில் படிக்கும் மகள் அபி, தன் சிநேகிதியிடமிருந்து செய்தி கேட்டு, தனக்கு அறை உண்டா என்று டெனிஷில் கேட்டாள். ஒவ்வொருவரும் கேட்கக் கேட்க வீடு வளர்ந்தது. ஒருநாள் கடைவாசலில் ரஜனியே மறித்துக் கேட்க, அவளுக்கு மிளகாய்க் கூட்டின் கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் தடிப்பு என்பதுவரை சொன்னேன். வாடகைச் சட்டம் தெரிந்த ஒரேயொரு ஆளைப் பிடித்து அரை மணிநேரம் நான் கதைத்தது இதைத்தான்.

சிவமண்ணை அதோடு நிற்கவில்லை. வைகாசிக் கடைசியில் ஒரு நல்ல நாள் பார்த்து, குடிபூரலுக்கு (அதுதான், புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகுவது) நாளும் குறித்து, வேலையில் லீவும் எடுத்துவிட்டார். இருக்கிற வீடும் போகப்போகிறது, இல்லாத வீட்டுக்கு ஆட்களும் வரப்போகிறார்கள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஜனி ஒரு பெரிய பித்தளைக் குத்துவிளக்கோடு வந்தாள். புது வீட்டுக்காம். கதிரையில் இருந்ததும் கேட்டாள்.

"அண்ணை, இந்த வீட்டை விடுறதை முறையா எழுதிக் குடுத்தனீங்களோ? பிறகு யென்ஸ் ஏதும் சொல்லுவார். பேப்பரைக் காட்டுங்கோ, பாப்பம்."

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். கோப்பையில் தேத்தண்ணி முடிந்த பிறகும் குடித்தேன். வசந்தி எழும்பிப்போய், பிள்ளையாருக்குப் பின்னாலிருந்த கடிதத்தை எடுத்து ரஜனியின் மடியில் வைத்தாள். "வீடும் இல்லை, ஒண்டும் இல்லை, ரஜனி. இதுதான் இருக்கு" என்றாள்.

அந்த நிமிடம் குத்துவிளக்குக்குப் பின்னால் ஒளியலாமா என்றுதான் பார்த்தேன். அவ்வளவு பெரிதில்லை.

ரஜனி என்னைப் பார்க்கவில்லை. கடிதத்தைத் திருப்பி இரண்டாம் பக்கத்தைப் படித்தாள். முகம் மாறிவிட்டது.

"இது உங்கடை கையிலை எப்ப கிடைச்சது?"

வசந்தி திகதியைச் சொன்னாள். ரஜனி சுவரிலிருந்த நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினாள்.

"மகனுக்கு வேணும் எண்டு உங்களை எழுப்பேலாது, அண்ணை. தானே வந்து இருக்கப்போறன் எண்டால் வேறை கதை. ஆனா இந்தப் பக்கத்திலை எழுதியிருக்கு, நீங்கள் எதிர்ப்பை எழுத்திலை குடுக்கவேணும். ஆறு கிழமைக்குள்ளை யென்ஸின்ரை கையிலை கிடைக்கவேணும். குடுக்காட்டி, பிழையான கடிதமும் சரியாயிடும்."

"ஆறு கிழமை எப்ப முடியுது?"

"நாளைக்கு."

பதினேழு வருட வீட்டைக் காப்பாற்ற எனக்கு நாற்பத்திரண்டு நாள் தந்திருந்தார்கள். அதில் நாற்பத்தொன்றை நான் கண்ணாடிக் கூட்டுக்குச் செலவழித்திருந்தேன்.

ரஜனி அங்கேயே இருந்து நாலு வரியில் கடிதத்தை எழுதினாள். தபாலில் போட முடியாது. தெருவில் நின்ற சிவப்புத் தபால்பெட்டிகளையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், போட்டாலும் ஒரு நாளில் போய்ச் சேராது. கையில் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்றாள்.

யென்ஸின் வீடு கடற்கரைப் பக்கம், வயலுக்கு நடுவே. நானும் வசந்தியும் காரில் போனோம். வழியெல்லாம் "எங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது" என்று டெனிஷில் சொல்லிச் சொல்லிப் பழகினேன். யென்ஸ் கராஜில் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தார். நாய் ஒன்று என் காற்சட்டையை மணந்து பார்த்தது. நான் வாயைத் திறந்ததும், பழகிய வசனத்துக்குப் பதிலாக மன்னிப்புத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்ததற்கு மன்னிப்பு, சொல்லாமல் வந்ததற்கு மன்னிப்பு, நாய்க்கும் ஒன்று.

யென்ஸ் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நீ எதிர்ப்புத் தெரிவிக்க வந்தாயா, மன்னிப்புக் கேட்க வந்தாயா?" என்று கேட்டார்.

நான் வசந்தியைப் பார்த்தேன். "எதிர்ப்பு" என்றாள் அவள், அழகான டெனிஷில். "இஞ்சை கையெழுத்து வையுங்கோ" என்பதையும் அதே மொழியில் சொல்லிப் பேனையை நீட்டினாள். அவர் கிறீஸ் கையோடு கையெழுத்து வைத்தார். அந்தக் கறுப்பு விரல் அடையாளம் இன்றும் எங்கள் பிரதியில் இருக்கிறது.

இனி யென்ஸ் விடுவதில்லை என்றால் அவர்தான் வழக்குப் போடவேண்டும், அதற்கும் ஆறு கிழமை என்று ரஜனி சொல்லியிருந்தாள். அந்த ஆறு கிழமையும் கடிதம் போடும் சத்தம் கேட்டாலே நான் குளியலறைக்குள் போய்விடுவேன். வசந்திதான் எடுத்துப் பார்ப்பாள். நாள் கடந்தது, வழக்கு வரவில்லை. கடைசியில் யென்ஸே தொலைபேசியில் வந்து, மகன் காதலியோடு வேறு நகரத்துக்குப் போகிறான், நீங்கள் இருங்கள் என்றார். நான் போனை வைத்துவிட்டுச் சமையலறை நிலத்தில் இருந்து அழுதேன்.

மிச்சமிருந்தது சிவமண்ணை. போய் உள்ளதைச் சொன்னேன்.

"தம்பி, நான் லீவு எடுத்திட்டன்" என்றார். "சனத்துக்கும் சொல்லியாச்சு. உந்த வீட்டிலையே காய்ச்சும்."

அப்படித்தான், பதினேழு வருடம் குடியிருந்த வீட்டில் நாங்கள் பால் காய்ச்சினோம். ரஜனியின் விளக்கை ஏற்றினோம். பால் பொங்கிய புகைக்கு அலாரம் அடித்தது, சிவமண்ணை கதிரையில் ஏறி அதைத் துவாயால் விசுக்கினார். வசந்தி யென்ஸையும் கூப்பிட்டிருந்தாள். அவர் பூங்கொத்தோடு வந்து, இது என்ன சடங்கு என்று என்னிடம் கேட்டார்.

"இந்த வீட்டில் நாங்கள் இருக்கப்போகிறோம் என்று சொல்கிற சடங்கு" என்றேன். அன்றைக்கு மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் பாலைக் குடித்தார்.

இப்போது வரும் கடிதங்களை வசந்தி கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறாள். நான் எதைப் பற்றியாவது கொஞ்சம் கூட்டிக் கதைத்தால் போதும், அபி ஓல்போர்க்கிலிருந்தே கேட்பாள். அந்த ஒரு கேள்வியை மட்டும் அவள் எப்போதும் தமிழில்தான் கேட்பாள்.

"அப்பா, அதுக்கு எத்தினை அறை?"