மொட்டைமாடித் திருடன்

வீட்டுக்காரம்மாவின் பூப்போட்ட பாவாடை மொட்டைமாடிக் கொடியிலிருந்து காணாமல் போன செய்தி வந்தபோது, தையல்காரர் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்தார். அவற்றை உள்ளங்கையில் துப்பிவிட்டு எழுந்தார்.

"திருட்டா? நம்ம கட்டடத்துலயா?"

"காத்துல பறந்திருக்கும், விடுங்க" என்றாள் மனைவி. "நமக்கெதுக்கு ஊர் வம்பு?"

"இப்படி எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருக்கிறதாலதான் திருடனுக்குக் குளிர் விட்டுப்போச்சு. இன்னைக்குப் பாவாடை. நாளைக்குப் பீரோ."

பட்டன் தைத்தே பாதி ஆயுளைக் கழித்தவருக்கு, இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காகத்தான் பிறந்தோம் என்று தோன்றிவிட்டது. அளவு நாடாவைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

ஆனால் கடையை விட்டு நகர முடிகிறதா? கட்டடத்தின் தரைத்தள முன்னறைதான் கடை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. அவசரத்தில் வருகிறவர்கள் துணியில் எங்கே வெட்ட வேண்டுமோ அங்கே ஒரு கிளிப்பை மாட்டி, வாசல் கம்பியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பேச்சில்லை, அளவில்லை. கிளிப் இருக்கிற இடத்தில் வெட்டி, ஓரம் அடித்துவிடுவார்.

போன மாதம் மாமனார் வந்து சேர்ந்ததிலிருந்து அந்த வேலையும் பாதியாகிவிட்டது. காது மந்தமான, நல்ல மனிதர். "சும்மா உக்காந்து சாப்பிட ஒரு மாதிரி இருக்கு மாப்பிள்ளை" என்று அவர் நெளிந்தபோது, தையல்காரர் அவர் காதருகே போய்க் கத்தினார்: "கிளிப் மாட்டின துணியைப் பார்த்தா எடுத்துட்டு வந்து என் மேசையில வைங்க மாமா. அது போதும்." அன்றிலிருந்து மேசையில் துணி குவிந்துகொண்டே இருந்தது. எல்லாம் முட்டி வரைக்கும்தான். காலம் மாறிவிட்டது, இப்போது எல்லோருக்கும் முட்டி தெரிய வேண்டியிருக்கிறது என்று முணுமுணுத்தபடியே வெட்டினார்.

மாலையில் முற்றத்தில் கூட்டம் போட்டார். எல்லாக் குடித்தனக்காரர்களும் வந்திருந்தார்கள்.

"முதல்ல ஒண்ணு. எவ்வளவு பேர் துணியைச் சும்மா கொடியில வீசிட்டுப் போறீங்க? திருடனுக்கு வெத்தலை பாக்கு வெச்சு அழைச்ச மாதிரி. இனிமே ஒவ்வொரு துணிக்கும் கிளிப் மாட்டுங்க. கழட்டுற நேரத்துல மாட்டிக்குவான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் மேல் வீட்டு டிரைவரின் சட்டை போயிற்று. நர்ஸம்மாவின் வெள்ளைப் பேண்ட் போயிற்று. பாட்டு வாத்தியாரின் வேட்டிகூடப் போயிற்று.

தையல்காரர் கொதித்துப்போனார். "நம்மளையே சீண்டிப் பார்க்கிறான். ஒரு கிளிப் பத்தாது. துணியை நடுவுல மடிச்சுப் போட்டு, ரெண்டு ரெண்டா மாட்டுங்க."

மாட்டினார்கள். கொடி காலியானது. ஓரமாக முடிச்சுப் போட்டுக் காயப் போட்டிருந்த தையல்காரர் வீட்டுத் துணி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் மனைவிக்குக் கிளிப் என்றாலே அலர்ஜி, துருப்பிடிக்கும் என்பாள்.

"டெய்லர், உங்க வீட்டுத் துணி மட்டும் எப்படித் தப்பிச்சுது?" என்றார் பாட்டு வாத்தியார், வேட்டிக்குப் பதிலாக மாட்டியிருந்த பேரனின் டவுசரை இறுக்கிப் பிடித்தபடி.

"என்னைக் கண்டா அவனுக்கு பயம்" என்றார் தையல்காரர். நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. ஆனாலும் அந்தக் கேள்வி முள்ளாகக் குத்தியது. உடனே மாடிக் கதவுக்குப் பெரிய பூட்டாக வாங்கிப் போட்டார்.

"சாவி யார்கிட்ட இருக்கும்?" என்று கேட்டாள் வீட்டுக்காரம்மா.

"எங்க மாமனார்கிட்ட. காது கேக்காது, வம்பு பேச மாட்டார், பகல் முழுக்க வீட்டுலதான் இருப்பார். காலையில துணி போடத் திறந்து விடுவார், சாயங்காலம் எடுக்கத் திறந்து விடுவார். நடுவுல ஒரு ஈ காக்கா போக முடியாது."

அதற்கும் மறுநாள் கொடியில் கிளிப்கூட மிஞ்சவில்லை.

இப்போது தையல்காரருக்கு நிஜமாகவே பதற்றம் வந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் அவர் பேச்சுதான். பேசினால் மட்டும் போதுமா, பிடித்துக் கொடுக்க வேண்டாமா? அன்று மாலைக் கூட்டத்தில் ஆவேசமாக எழுந்து நின்றார்.

"பூட்டின கதவைத் தாண்டி வெளியாள் வர முடியாது. அப்ப நம்மள்ல ஒருத்தன்தான். யாரா இருந்தாலும் சரி, குடும்பத்தோட இந்தக் கட்டடத்தைக் காலி பண்ணிடணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றது முற்றம் முழுவதும். "நான் சொன்னா சொன்னதுதான்" என்று வீட்டுக்காரம்மாவும் உறுதி சொன்னாள்.

"மாடிக்கு ரொம்பப் பக்கத்துல குடியிருக்கிறது யாரு?" என்று கேட்டுவிட்டு, தையல்காரர் டிரைவரைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

டிரைவரின் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, என் சட்டையும்தானே போச்சு?"

"அதுதான்பா சாமர்த்தியம்."

டிரைவரின் மனைவி கைக்குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். "பிள்ளையை வெச்சுக்கிட்டு நாங்க எங்கங்க போவோம்?" என்றாள். தையல்காரரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "ஏங்க, பாவங்க. கண்ணால பார்க்காம சொல்லாதீங்க" என்று கணவரின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள்.

"நியாயம்னு வந்துட்டா பாவம் பார்க்கக் கூடாது. எங்க வீடா இருந்தாலும் இதே பேச்சுதான் பேசுவேன்."

அந்த நேரம் பார்த்து இரண்டாவது மாடியில் குடியிருக்கும் போலீஸ் ஏட்டு இறங்கி வந்தார். மேலே போலீஸ் சட்டை, தலையில் தொப்பி, பளபளக்கும் பெல்ட். பெல்ட்டுக்குக் கீழே ஒரு குளியல் துண்டு.

"டியூட்டிக்குக் கிளம்பணும்" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "இருந்தது அது ஒண்ணுதான். இன்னொண்ணு கிழிஞ்சு கிடக்கு. போலீஸ்காரன் பேண்ட்டையே உருவியிருக்கான். இனிமே இது சாதாரணக் கேஸ் இல்லை. யாரு மேல சந்தேகம்? சொல்லுங்க, இப்பவே கூட்டிட்டுப் போறேன்."

தையல்காரர் விரலை உயர்த்தி, டிரைவரை நோக்கி நீட்டினார்.

அப்போதுதான் மாமனார், மாடிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, கூட்டம் எதற்கென்று தெரியாமல் முற்றத்துக்கு வந்தார். ஏட்டை மேலும் கீழும் பார்த்தார். காது மந்தமானவர்களுக்கே உரிய குரலில், தெருமுனை வரைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"என்ன மாப்பிள்ளை, ஐயா துண்டோட நிக்கிறாரே, நான் மத்தியானம் மாடிக் கொடியில இருந்து கிளிப்போட கொண்டாந்து குடுத்தேனே ஒரு காக்கி பேண்ட், நீங்ககூட முட்டிக்கு மேல வெட்டி ஓரம் அடிச்சு வெச்சிருக்கீங்களே, இப்போதைக்கு அதையாவது எடுத்துக் குடுங்களேன்."