கார்டு வாங்காத கடை

"ஏழு ரூபாய்! நூத்துக்கு ஏழு! எதுக்குப்பா உங்களுக்கு? நீ தறியில குந்துனியா, பட்டுக்குச் சாயம் போட்டியா, இல்ல என் கடை வாசலையாவது பெருக்கினியா?"

"அது கம்பெனி கமிஷன் சார்..."

"மீதித் தொண்ணூத்து மூணாவது உடனே வருதா? ஒன்றரை மாசம் கழிச்சு பம்பாயிலேருந்து செக்கு வரும்ங்கறே. சனிக்கிழமை கூலிக்கு வந்து நிக்கிற நெசவாளிகிட்ட இன்னா சொல்றது? செக்கு ரயில்ல வந்துக்கினு இருக்குது, வாசல்ல குந்துன்னு சொல்லவா?"

சந்திரநாதன் கழுத்து டையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டான். கார்டு கம்பெனியின் மெட்ராஸ் ஆபீசில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சொந்த ஊர்ப்பக்கம் என்பதால் காஞ்சிபுரத்தை அவன் தலையில் கட்டிவிட்டார்கள். காசுக்குப் பதில் ஒரு அட்டையை நீட்டிப் பட்டுப்புடவை வாங்கலாம் என்று சொன்னால், காந்தி ரோட்டில் பாதிக் கடைக்காரர்கள் சிரித்தார்கள், மீதிப் பேர் காபி கொடுத்து அனுப்பினார்கள். இந்த வீராசாமி ஒருவர்தான் இப்படிச் சண்டை போட்டார்.

"எதிர்க் கடை தணிகாசலம் சார் 'கார்டு வாங்கறோம்'னு ஸ்டிக்கர் ஒட்டிட்டாரு சார்" என்றான்.

அதை மட்டும் அவன் சொல்லியிருக்கக் கூடாது.

போன மாதம் டீக்கடையில், பத்துப் பேர் எதிரில் தணிகாசலம் சொல்லியிருந்தார்: "இன்னும் எத்தினி நாளைக்கு வீராசாமி இந்த ஒத்தக் கதவுக் கடைய இழுத்துக்கினு இருப்பே? மூடிட்டு என்கிட்ட வந்துடு. பொடவை மடிக்க எனக்கு ஒரு ஆள் வேணும்."

அன்று முதல் வீராசாமிக்கு வாழ்க்கையில் ஒரே லட்சியம்தான். தணிகாசலம் கடையில் புடவை மடிக்காமல் செத்துப்போவது.

"அவன் ஒட்டினா நானும் ஒட்டணுமா? கெளம்புப்பா. இந்தக் கடையில அட்டை நுழையாது!"

சந்திரநாதன் கிளம்பினான். கல்லாவில் உட்கார்ந்திருந்த பெரியநாயகி கணவனைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் பேசினீங்க. ஆனா மெட்ராஸ் காரெல்லாம் அந்தப் பக்கம்தான் நிக்குது."

"நம்ம கடைக்கும்தான் வர்றாங்க."

"வர்றாங்க. ஒண்ணே ஒண்ணு வாங்கிக்கினு போறாங்க."

அது உண்மைதான். கார்களில் வந்த அம்மாக்கள் வீராசாமி கடையில் நூறு ரூபாய்க் கட்டைப் பிரிப்பார்கள். ஒரு புடவைக்கு மட்டும் எண்ணிக் கொடுத்துவிட்டு, மீதிக் கட்டைப் பத்திரமாகக் கைப்பையின் அடியில் வைத்துப் பூட்டுவார்கள். பில் எழுதப் போனால், "பில்லெல்லாம் வேணாம்" என்பார்கள். நம் கடை பில்லைக் கையால் தொடக்கூட மனசில்லையே என்று வீராசாமிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"காசு இருக்குது. நம்ம சரக்குதான் புடிக்கலை" என்றார். "தணிகாசலம் கடையில போய் அந்த மீதியக் கொட்டுவாங்க. நம்ம நேர்மைய நாலு பேருக்குத் தெரியற மாதிரி எழுதி மாட்டினாத்தான் சரிப்படும்."

மறுநாளே ஆறடி நீளத்துக்கு ஒரு போர்டு ஏறியது. தமிழில் சிவப்பு, இங்கிலீஷில் நீலம். 'இங்கே கார்டு வாங்கமாட்டோம். ரொக்கம் மட்டும். நூற்றுக்கு ஏழு கமிஷன் நாங்கள் யாருக்கும் தருவதில்லை.'

முதலில் அதைப் படித்தவள் முசரவாக்கம் ஜெயம்மாள். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க, ஒரு மாட்டுவண்டி நிறையச் சொந்தக்காரர்களோடு வந்திருந்தாள். முந்நூறு ரூபாய்ப் புடவை பிடித்துவிட்டது. காசை எடுத்தவள் நிறுத்தினாள்.

"இன்னா மொதலாளி, எதிர்க் கடைக்காரரு கம்பெனிக்கு நூத்துக்கு ஏழு குடுக்கறாராமே?"

"ஆமாம்மா. நான் குடுக்க மாட்டேன்!"

"அப்ப அந்த ஏழு உன்கிட்டதான் இருக்குது. எனக்குக் குறைச்சுக்கோ."

வீராசாமி முந்நூறில் ஏழு ஏழாகக் கழித்தார். பெரியநாயகி கூரையைப் பார்த்தாள். இருபத்தொரு ரூபாய் போயிற்று. வண்டியில் இருந்த அத்தனை பேரும் இறங்கி வந்து, ஆளுக்கொரு புடவையும் ஆளுக்கொரு ஏழும் கேட்டார்கள்.

"போர்டுல அந்த ஏழு ரூபாய் வரியை அழிச்சுடுங்க" என்றாள் பெரியநாயகி, வண்டி போன பிறகு.

"எழுதினதை அழிக்கிறவன் நான் இல்ல. வேற வழி இருக்குது."

ராத்திரிக்குள் எல்லாச் சீட்டிலும் விலை மாறியது. முந்நூறு, முந்நூற்று இருபத்தொன்று ஆயிற்று. ஏற்றின ஏழைக் குறைத்துக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்பது வீராசாமியின் யோசனை.

அடுத்த வாரம் ஜெயம்மாள் சம்பந்தி வீட்டுக்குப் புடவை எடுக்க வந்தாள்.

"இருபத்தொரு ரூபாய் தள்ளியாச்சும்மா. முந்நூறு குடு."

"இன்னா தள்ளினே? முந்நூத்து இருபத்தொண்ணுல நூத்துக்கு ஏழுன்னா இருபத்திரெண்டு ரூபாய் நாப்பத்தேழு பைசா. நான் மணிலாக்கொட்டை யாவாரம் பண்றவபா, எனக்கே கணக்கு சொல்றியா?" சீட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "பழைய வெலைய அடிச்சுட்டு மேல எழுதியிருக்குது! எழுந்திருங்கடி எல்லாரும்."

முசரவாக்கம் மொத்தமும் ரோட்டைக் கடந்து தணிகாசலம் கடைக்குள் போனது. தணிகாசலம் வாசலுக்கே வந்து கும்பிட்டு வரவேற்றார். நிமிரும்போது வீராசாமியைப் பார்த்து, தோளில் இருந்த துண்டை எடுத்து மெதுவாக, நாலாக மடித்துக் காட்டினார்.

இப்போது மிச்சம் இருந்தது கார் அம்மாக்கள் மட்டும்தான். அவர்கள் முன்னைவிட அதிகமாகவே வந்தார்கள். ஆனால் வந்த விதம்தான் வீராசாமிக்குப் பொறுக்கவில்லை. காரிலிருந்து இறங்குவார்கள், போர்டை அண்ணாந்து படிப்பார்கள், ஒருத்தி தோளை ஒருத்தி தட்டிச் சிரிப்பார்கள். நீல ஃபியட்டில் வந்த ஒரு அம்மா, போர்டுக்குக் கீழே தங்கையை நிறுத்திக் கேமராவில் படமே எடுத்தாள். "எழுத்து நல்லா விழணும், கொஞ்சம் தள்ளிக்கோடி" என்று வேறு சொன்னாள்.

"பாத்தியா நாயகி? மெட்ராஸ் பூரா காட்டிச் சிரிக்கப் போறாங்க. கார்டு வாங்கத் தெரியாத பட்டிக்காட்டான் ஒருத்தன் இருக்கான்னு!"

"சிரிச்சா சிரிக்கட்டும். வாங்கறாங்கல்ல?"

"ஒண்ணு! பரிதாபப்பட்டு ஒண்ணு! கார்டு இருந்தா பத்து வாங்குவாங்க. இவங்களும் நின்னுட்டா சனிக்கிழமைக் கூலிக்கு இன்னா பண்றது? ஆறு தறியையும் நிறுத்திட்டு அவன்கிட்டப் போய்ப் பொடவை மடிக்கிறதா?"

"அட்டை நுழையாதுன்னீங்களே."

"நுழையாதுன்னு சொன்னவனும் நான்தான். நுழைன்னு சொல்றவனும் நான்தான். எவனுக்கும் பயந்து இல்ல!"

பழையசீவரம் வரை ஆள் அனுப்பி, அக்கா வீட்டில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்த சந்திரநாதனைப் பிடித்து வரச்செய்தார். அவன் டை இல்லாமலே ஓடி வந்தான். போர்டு இறங்கியது. கண்ணாடிக் கதவில் பளபளவென்று ஸ்டிக்கர் ஏறியது, தணிகாசலம் ஒட்டியதைவிட ஒரு சாண் உயரத்தில். அட்டையை வைத்துத் தேய்க்கிற இரும்பு மிஷினுக்குப் பெரியநாயகி குங்குமம் வைத்தாள்.

"நூத்துக்கு ஏழு, தெரியும்ல சார்?" என்றான் சந்திரநாதன் பயந்துகொண்டே.

"எடுத்துக்கோ! எட்டு வேணும்னாலும் எடுத்துக்கோ!"

சனிக்கிழமை அதே நீல ஃபியட் வந்து நின்றது. இரண்டு அம்மாக்களும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். வீராசாமி கதவை அகலத் திறந்து, ஸ்டிக்கர் நன்றாகத் தெரியும்படி நின்றார்.

சிரிப்பு நின்றது.

"ஐயோ, இங்கயுமா!" என்றாள் கேமரா அம்மா.

"உள்ள வாங்கம்மா, இப்ப நம்மகிட்டயும் கார்டுல எடுக்கலாம்!"

"வேண்டாங்க. இன்னொரு நாள் வரோம்."

கார் போய்விட்டது. பின்னால் வந்த அம்பாசடரும் நின்று, ஸ்டிக்கரைப் பார்த்து, நகர்ந்தது. அடுத்த சனிக்கிழமை ஒன்றுமே நிற்கவில்லை. வீராசாமி ஸ்டிக்கரைத் தண்ணீர் போட்டுத் துடைத்தார். பத்தாது என்று அதற்கு மேலே ஒரு சிவப்பு பல்பைப் போட்டார். அதற்குப் பிறகு கார்கள் அந்த இடத்தில் இன்னும் வேகமாகப் போயின. மூன்றாவது சனிக்கிழமை, கூலிக்குப் பெரியநாயகியின் வளையல் அடகுக்குப் போனது. அன்று மாலையே தணிகாசலம் ஆள்விட்டுச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை நல்ல நாளாம். வந்து சேர்ந்துக்கச் சொல்லு."

"சாகறதுக்கு முன்னாடி அந்தக் கார் அம்மாவுங்களை ஒரு தடவை நேராவே கேட்டுடறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார் வீராசாமி. டீக்கடை ஓரமாக அந்த நீல ஃபியட் நின்றது. அம்மாக்கள் சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாளைச் சேவிக்கப் போயிருந்தார்கள். டிரைவர் தேவசகாயம் மட்டும் பானெட்டில் சாய்ந்து பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, உங்க அம்மாவுங்களுக்கு என் கடை மேல இன்னா கோவம்? கார்டு இல்லேன்னப்ப சிரிச்சாங்க, போட்டோ எடுத்தாங்க. ஏழு ரூபாய் நஷ்டத்துல கார்டு வெச்சா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறாங்க. இதுக்கு மேல நான் இன்னாதான்பா பண்ணணும்?"

தேவசகாயம் பன்னை விழுங்கிவிட்டு அவரைப் பாவமாகப் பார்த்தார்.

"அட போங்க மொதலாளி, அந்தக் கார்டு வந்ததுலேருந்து எங்க ஐயா, அம்மா கையில பத்து பைசா ரொக்கம் குடுக்கறதில்ல, உங்க போர்டைப் போட்டோ புடிச்சுக் காட்டித்தான் ஆயிரம் ரெண்டாயிரம்னு வாங்கிக்கினு வந்து, உங்ககிட்ட ஒரு பொடவை எடுத்துட்டு மீதியெல்லாம் ஐயாவுக்குத் தெரியாம சிறுவாடு சேத்துக்கினு இருந்தாங்க, இப்ப நீங்களும் ஸ்டிக்கர் ஒட்டிட்டீங்களே, இனிமே அவங்க எந்தக் கடையக் காட்டிக் காசு கேப்பாங்க, நீங்களே சொல்லுங்க?"