சர்க்கரைப் பரிசோதனை

மொரப்பூரில் ரயில் ஏறும்போதே தர்மனுக்கு வியர்த்துக் கொட்டியது. சேலத்துக்குச் சர்க்கரை பார்க்கப் போகிறோம் என்று அக்கா ராமக்காளிடம் சொல்லியிருந்தான். அவளும் நம்பி, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தாள்.

ஐந்து வருடத்துக்கு முன் அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோது, அவள் தாங்கமாட்டாள் என்று அதைக் கொழுப்புக் கட்டியாக மாற்றியவன் தர்மன்தான். மருந்து ஏற்றி முடி கொட்டியதும் உடம்புச் சூடு என்றான். அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஆறு மாதம் இரண்டு வீட்டிலும் கோழிக்குழம்பு கிடையாது.

போன வாரம், அன்று வைத்தியம் பார்த்த சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவர்களுடைய அம்மா இறந்ததும் இதே நோயில்தான். பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறா என்று பார்க்கும் ரத்தச் சோதனை பற்றிப் பேச வேண்டும், அக்காவோடு வாருங்கள் என்றார்கள். அக்காவுக்கு அந்தக் கோளாறு இருந்தால் தர்மனுக்கும் இருக்கலாம், அவன் மூலம் மகள் ஐஸ்வர்யாவுக்கும் போயிருக்கலாம்.

"ஆம்பளைக்கு எப்படிங்க?" என்று கேட்டுப் பார்த்தான். ஆண்கள் வழியாகவும் போகும் என்றார்கள். அன்றிலிருந்து மகள் எதிரே வந்தாலே அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் ஊசி என்றால் தலைதெறிக்க ஓடுகிறவன். அக்காவுக்கு இல்லையென்று வந்துவிட்டால் தன் கைக்கு ஊசி வராது என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

ரயிலில் டீ வந்தது. கை நீட்டியவனை அக்கா தடுத்தாள்.

"போறதுதான் போறோம், நீயும் பாத்துக்க கண்ணு. குடிக்காத."

மறுத்தால் சந்தேகம் வரும். அவனும் பட்டினி கிடந்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் 'புற்றுநோய்' என்று ஆளுயர எழுத்தில் புதிதாக ஒரு போர்டு இருந்தது. அக்காவோ பேப்பரில் வரி விளம்பரம்வரை படிக்கிறவள். அவசரமாகப் பின்வாசலுக்கு இழுத்துப் போனான். அது பிணவறைப் பக்கம்.

"யாரு பாடிங்க?" என்றார் வாட்ச்மேன்.

"சர்க்கரைங்க" என்றான் தர்மன்.

ஒருவழியாக, போனில் கூப்பிட்ட ஆலோசகர் எழிலரசியின் அறைக்கு வந்ததும், அக்காவைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு முதலில் உள்ளே ஓடினான். சர்க்கரை என்றே சொல்லுங்கள் மேடம் என்று கெஞ்சினான்.

"பொய் சொல்லி யாருக்கும் ரத்தம் எடுக்க மாட்டோங்க. அவங்கள அனுப்பிட்டு நீங்க வெளிய இருங்க."

அக்கா உள்ளே போனாள். தர்மனுக்கு ஒன்றும் ஓடவில்லை. அழுகைச் சத்தம் வரும் என்று கதவிடுக்கில் காதை வைத்தான். வந்தது அக்காவின் சாவதானமான குரல்.

"எனக்குத்தான் அந்தக் கோளாறு இருக்குதுன்னு போன வருசமே டெஸ்ட் பாத்துச் சொல்லிட்டீங்களே மேடம். எனக்குன்னு சொன்னாத்தான் அவன் இந்தப் பக்கம் வருவான்னு உங்கள விட்டுக் கூப்பிட வெச்சேன். அவனுக்குப் பாத்தாத்தானே ஐஸ்வர்யாவுக்கு ஒரு வழி தெரியும்? ஆனா அவங்கிட்ட சர்க்கரைன்னே சொல்லிடுங்க. பாவம், தம்பி தாங்கமாட்டான்."