பெரியப்பா பெட்டி கட்டிய செய்தி

பக்கத்து வீட்டு விஷயங்களை அறிய ஐந்து வயதுப் பிள்ளையை வேலைக்கு வைத்தவள் நான். வெளியில் அதற்குப் பிள்ளை வளர்ப்பு என்று பெயர் சொல்லிக்கொண்டேன்.

மகள் யதுரா முன்பள்ளிக்குப் போன வருஷம் அது. ‘படுக்கும் நேரம் பிள்ளையோடு பத்து நிமிடம் மனம் விட்டுப் பேசுங்கள்’ என்று போனில் ஒரு வீடியோ சொன்னது. அன்றே தொடங்கினேன்.

“இண்டைக்கு என்ன நடந்த மகள்?”

“நான் கொப்பியில ஒரு ஆமைப் படம் கீறினன் அம்மா. அதுக்கு...”

“ம்.” (என் கண் போனில். மனம் விட்டுப் பேசுவது எப்படி, இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது.)

“பெரியம்மா வீட்டுல புது பிரிட்ஜ் வந்திரிக்கி.”

போன் தலையணைக்கடியில் போனது. “எத்தின கதவு?”

பெரியம்மா என்றால் என் அக்கா. தேற்றாத்தீவில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அந்தப் பக்கம் என்ன கறி, அத்தான் ஏன் சத்தம் போட்டார், எல்லாம் தினமும் என் படுக்கைக்கு வந்து சேர்ந்தது. கேட்டால் அக்காவே சொல்லியிருப்பாள்தான். அதில் என்ன ருசி?

ஒரு வெள்ளிக்கிழமை யதுரா மெதுவாகச் சொன்னாள்: “பெரியப்பா பெட்டி கட்டிற்றுப் போயிட்டார். மறுகா வரமாட்டாராம். பெரியம்மா அழுதவ.”

எனக்கு நித்திரை போயிற்று. அக்காவின் வாழ்க்கை இப்படியாகிவிட்டதே! அதை முதலில் அறிந்தவள் நானல்லவா! (நெஞ்சு எதற்கு அதிகம் அடித்தது என்று கேட்காதீர்கள்.)

விடிந்ததும் பழுகாமத்தில் இருந்த சித்தப்பாவுக்கு அழைத்தேன். குடும்பப் பிணக்கென்றால் அவர்தான் எங்கள் நீதவான். வயல் வேலையைப் போட்டுவிட்டு, வெள்ளை வேட்டியோடு ஓட்டோவில் வந்து இறங்கினார். அக்கா பட்டினி கிடப்பாளே என்று நான் ஒரு சட்டி பிட்டு அவித்து, யதுராவையும் இழுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே அக்காவைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதேன்.

“என்னடி, ஆரு செத்த?” அக்கா பதறினாள்.

“அழாத புள்ள,” என்று சித்தப்பா அவளுக்கு ஆறுதல் சொன்னார். “போனவன் போகட்டும், நாங்க இரிக்கம். அவன் ஒரு சோம்பேறி எண்டு கலியாணத்தண்டே நான் சொன்னன்.”

குசினிக்குள்ளிருந்து அத்தான் எட்டிப் பார்த்தார். கையில் பாதி துருவிய தேங்காய். “ஆரு அந்தச் சோம்பேறி?”

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் யதுராவைப் பார்த்தேன்.

“ஏன்டி பொய் சொன்ன?”

அவள் அழவில்லை. “ஆமையச் சொன்னா நீங்க போனப் பாப்பீங்க. பெரியம்மா வீட்டச் சொன்னாத்தான் என்னப் பாப்பீங்க. நேத்து சொல்ல ஒண்டும் இரிக்கல்ல.”

பிட்டுச் சட்டி கையில் கனத்தது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு யதுராவைத் தூக்கி மடியில் வைத்து, “ஆமைக்கு என்ன நடந்த, சொல்லு” என்றாள். என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய கேள்வி.

மூன்று வருஷமாகிறது. இப்போதும் அத்தான் சந்திக்கு வெற்றிலை வாங்கப் போனாலும் வேலியோரம் நின்று குரல் கொடுப்பார்:

“மச்சாள், கடைக்குத்தான் போறன். அரை மணித்தியாலத்தில வந்திருவன். பழுகாமத்துக்குப் போன் எடுத்திராதீங்க!”